கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது ஊருக்குச் சென்று திரும்புவது எப்படி?

அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து, அமெரிக்காவிலேயே இருந்தபடி கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்தவர்கள் அனைவரும் ஏதோ ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி, "நடுவில் ஒரு முறை ஊருக்குப் போய் வரலாமா?" என்பதுதான். போய் வரலாம். ஆனால் அதற்கான தாள் கையில் வந்து சேர்ந்த பிறகே விமானம் ஏற வேண்டும். விண்ணப்பித்ததற்கான ரசீதைப் பயண அனுமதி என்று நினைத்துக்கொண்டு கிளம்புவதுதான் இவ்விஷயத்தில் நேரும் பிழைகளுள் மிகவும் விலையுயர்ந்தது. என் விண்ணப்பம் நிலுவையில் இருந்தபோது அந்தத் தாள் வருவதற்கு முன்பே தங்கையின் திருமண நாள் வந்துவிட்டது. நான் அத்திருமணத்தை அலைபேசியில்தான் பார்த்தேன். அன்று அது வருத்தமாக இருந்தாலும், அவ்வாறு தங்கிவிட்டது சரியான முடிவு என்பதில் இன்றும் எனக்கு ஐயமில்லை.

இங்கே விளக்கப்படுவது அமெரிக்காவுக்குள் இருந்து ஐ-485 படிவத்தின் மூலம் விண்ணப்பித்தவர்களுக்கான நடைமுறை மட்டுமே. ஊரில் இருந்தபடி தூதரகம் வழியாகக் குடியேற்ற விசாவுக்குக் காத்திருப்பவர்களின் நிலை வேறு.

படி 1: எந்தப் படிவம் எதற்கு என்று பிரித்துப் பாருங்கள்

திருமண அடிப்படையிலான கோப்பில் பல படிவங்கள் ஒன்றாகச் செல்கின்றன. ஐ-130 உங்கள் துணைவர் உங்களுக்காகத் தரும் மனு. ஐ-485 நீங்கள் நிரந்தர வசிப்புரிமை கேட்கும் விண்ணப்பம். ஐ-765 வேலை அனுமதிக்கானது. ஐ-131 பயண அனுமதிக்கானது. இந்தப் பயண அனுமதியைத்தான் அட்வான்ஸ் பரோல் என்கிறோம். ஐ-485 நிலுவையில் இருக்கும்போது அட்வான்ஸ் பரோல் இல்லாமல் நாட்டை விட்டு வெளியேறினால், அந்த விண்ணப்பத்தை நீங்களே கைவிட்டுவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்காது. பெரும்பாலும் தூதரகம் வழியாக எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.

படி 2: உங்களுக்கு விதிவிலக்கு உண்டா என்று பாருங்கள்

எச்-1பி (சிறப்புத் திறன் வேலை), எல்-1 (நிறுவனத்துக்குள் இடமாற்றம்) விசாக்களில் இருப்பவர்களும், அவர்களைச் சார்ந்து எச்-4, எல்-2 நிலையில் இருப்பவர்களும் அட்வான்ஸ் பரோல் இல்லாமலே சென்று திரும்பலாம். அந்நிலை செல்லுபடியாகத் தொடர வேண்டும் என்பதும், திரும்பும்போது கடவுச்சீட்டில் உயிருள்ள விசா முத்திரை இருக்க வேண்டும் என்பதும் இதற்கான நிபந்தனைகள். முத்திரை காலாவதியாகியிருந்தால் சென்னைத் துணைத் தூதரகத்தில் புதிய ஸ்டாம்பிங் பெற்ற பிறகே திரும்ப முடியும். நேர்காணலுக்கு நாள் கிடைக்காமல் விடுப்பு முடிந்தும் ஊரிலேயே மாட்டிக்கொள்ளும் நிலையைத் தவிர்க்க, எச்-1பி உள்ளவர்களும் அட்வான்ஸ் பரோல் வாங்கி வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

எச்-4 விஷயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. எச்-1பியில் இருந்த கணவருக்கு வேலை வழியாகக் கிரீன் கார்டு கிடைத்து, அதன் பிறகு மனைவிக்காக அவர் ஐ-130 தாக்கல் செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணவர் எச்-1பி நிலையிலிருந்து விலகிய அன்றே, அவரைச் சார்ந்திருந்த மனைவியின் எச்-4 நிலையும் முடிந்துபோகிறது. கடவுச்சீட்டில் விசா முத்திரை இன்னும் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும் என்று அச்சிடப்பட்டிருந்தாலும் அதை நம்பிப் பயணம் செய்யக் கூடாது.

எஃப்-1 விசாவில் உள்ள மாணவர்களுக்கும், ஓபிடி எனப்படும் படிப்பு சார்ந்த பயிற்சி அனுமதியில் வேலை செய்பவர்களுக்கும், பி-2 சுற்றுலா விசாவில் வந்தவர்களுக்கும் இந்த விதிவிலக்கு இல்லை. மாணவர்கள் இதில் எளிதாக ஏமாந்துவிடுகிறார்கள். விசா முத்திரையும் கல்லூரி தரும் ஐ-20 படிவமும் செல்லுபடியாகும் நிலையில் இருப்பதால் வழக்கம்போல் போய் வரலாம் என்று தோன்றும். ஆனால் வெளியேறிய கணத்திலேயே ஐ-485 கைவிடப்பட்டதாகிவிடுகிறது. மேலும், எஃப்-1 என்பது படித்து முடித்ததும் ஊர் திரும்பும் எண்ணம் உடையவர்களுக்கான விசா என்பதால், கிரீன் கார்டு கேட்டிருப்பவரை அதில் மீண்டும் அனுமதிக்க அதிகாரி மறுக்கலாம்.

படி 3: பயணம் செய்யவே கூடாதவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

உங்கள் மீது நாடுகடத்தல் வழக்கோ உத்தரவோ இருந்தால், அட்வான்ஸ் பரோல் கையில் இருந்தாலும் குடியேற்றச் சட்ட வழக்கறிஞரைப் பார்க்காமல் வெளியேறக் கூடாது. குற்ற வழக்குப் பதிவு உள்ளவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

அனுமதிக் காலம் முடிந்த பிறகும் தங்கிவிட்டவர்களின் அச்சம் வேறு வகையானது. சட்டவிரோதமாக 180 நாட்களுக்கு மேல் தங்கி வெளியேறுபவருக்கு 3 ஆண்டுகளும், ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியவருக்கு 10 ஆண்டுகளும் மீண்டும் நுழையத் தடை உண்டு. அட்வான்ஸ் பரோலில் சென்று திரும்புவது இந்தத் தடையைத் தூண்டும் "வெளியேற்றம்" ஆகாது என்று குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 2012ஆம் ஆண்டு ஓர் இந்தியத் தம்பதியின் வழக்கில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு பெரும் ஆறுதல்தான் என்றாலும், உங்கள் கோப்பு அதற்குள் அடங்குமா என்பதை வழக்கறிஞரிடம் உறுதி செய்துகொண்ட பிறகே பயணத்தைப் பற்றி யோசியுங்கள்.

படி 4: ஐ-131 தாக்கல் செய்யுங்கள்

ஐ-485 அனுப்பும்போதே ஐ-131 படிவத்தையும் சேர்த்து அனுப்பிவிடுவது சிறந்தது. பின்னர் தனியாகவும் அனுப்பலாம். முன்பு ஐ-485 கட்டணத்திலேயே பயண அனுமதிக்கான கட்டணமும் அடங்கியிருந்தது. 2024 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கட்டணப் பட்டியல் அதை மாற்றி, ஐ-485 படிவத்துக்கு 1,440 டாலர் என்றும் அட்வான்ஸ் பரோலுக்குத் தனியாக 630 டாலர் என்றும் ஆக்கியது. அனுப்பும் நாளில் நடப்பில் உள்ள தொகையை யுஎஸ்சிஐஎஸ் (அமெரிக்கக் குடியுரிமை, குடியேற்றச் சேவைத் துறை) இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகும் திட்டம் இப்போது இல்லையே என்று இந்தச் செலவைத் தவிர்ப்பவர்கள் உண்டு. வயதான பெற்றோர் ஊரில் இருப்பவர்கள் அந்தச் சிக்கனத்தைச் செய்ய வேண்டாம்.

படிவத்துடன் கடவுச்சீட்டின் நகல், இரண்டு அங்குல அளவிலான இரண்டு நிழற்படங்கள், பயணக் காரணத்தைக் கூறும் சிறு கடிதம் ஆகியவற்றை வையுங்கள். தனியாக அனுப்பினால் ஐ-485 ரசீதின் நகலும் வேண்டும். பெற்றோரைப் பார்ப்பது, குடும்பத் திருமணம், அலுவலகப் பணி என எதுவானாலும் உள்ளதை உள்ளபடி இரண்டு பத்திகளில் எழுதினால் போதும். உருக்கமாக எழுத வேண்டியதில்லை. எத்தனை முறை பயணம் என்று கேட்கும் இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

படி 5: காத்திருக்கும் காலத்தில் அஞ்சல் பெட்டியைக் கவனியுங்கள்

ஒப்புதல் வருவதற்குப் பல மாதங்கள் ஆகலாம். ஐ-131 நிலுவையில் இருக்கும்போதே கிளம்பினால் அந்த விண்ணப்பமும் கைவிடப்பட்டதாகிவிடும். வேலை அனுமதி அட்டை முதலில் வந்துவிட்டால் பலர் மகிழ்ச்சியில் பயணச்சீட்டு எடுத்துவிடுகிறார்கள். அந்த அட்டையில் அட்வான்ஸ் பரோலாகவும் இது செயல்படும் என்ற வாசகம் அச்சிடப்பட்டிருந்தால் மட்டுமே அதைக் கொண்டு திரும்ப முடியும். இல்லையென்றால் அது வேலைக்கு மட்டுமேயான அட்டை, பயண அனுமதிக்கான ஐ-512 எல் என்னும் தாள் தனியாக வரும் வரை பொறுத்திருக்க வேண்டும்.

இதற்கிடையே கைரேகைப் பதிவுக்கும் நேர்காணலுக்கும் அழைப்புகள் வரலாம். முன்கூட்டித் தெரிவிக்காமல் அவற்றைத் தவறவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படக்கூடும். ஆகவே நீங்கள் ஊரில் இருக்கும் நாட்களில் வரும் உறைகளை அன்றன்றே பிரித்துப் பார்க்கும் பொறுப்பைத் துணைவரிடம் ஒப்படையுங்கள். நாள் மோதினால் அந்த நாளுக்கு முன்பே மாற்றுத் தேதி கேட்க வேண்டும்.

படி 6: அவசரம் வந்தால்

பெற்றோரின் கடுமையான நோய், மரணம் போன்ற காரணங்களுக்கு அவசர அட்வான்ஸ் பரோல் கேட்கலாம். யுஎஸ்சிஐஎஸ் உதவி மையத்தைத் தொலைபேசியில் அழைத்து, உங்கள் பகுதி அலுவலகத்தில் நேரம் பெற்று, நிரப்பிய ஐ-131, கட்டணம், நிழற்படங்கள், மருத்துவமனைக் கடிதம் அல்லது இறப்புச் சான்று ஆகியவற்றுடன் நேரில் செல்ல வேண்டும். சான்று தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும், அது சரியானது என்ற மொழிபெயர்ப்பாளரின் கையொப்பமிட்ட உறுதிமொழியும் இணைக்கப்பட வேண்டும். நம் வழக்கத்தில் தகனம் பெரும்பாலும் மறுநாளுக்குள் முடிந்துவிடுவதால், எவ்வளவு விரைந்தாலும் இறுதிச் சடங்குக்குச் சென்று சேர்வது கடினம்; பதினாறாம் நாள் காரியத்துக்காவது போய்ச் சேரலாம் என்ற அளவில் மனத்தைத் தயார் செய்துகொள்வதும், உறவினர்களிடம் அதைச் சொல்லிவிடுவதும் நல்லது.

படி 7: பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்

தாளில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் கடவுச்சீட்டோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இனிஷியலை விரித்து எழுதும் வழக்கத்தால் நம் பெயர்கள் முன்னும் பின்னுமாக மாறிவிடுவது உண்டு. காலாவதி நாளுக்குள் நீங்கள் அமெரிக்க மண்ணில் இறங்கியிருக்க வேண்டும் என்பதால், சில வாரங்கள் முன்னதாகவே திரும்பும்படி திட்டமிடுங்கள்.

அட்வான்ஸ் பரோல் விசா அன்று. செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்குச் சில நாடுகள் தரும் இடைமாற்ற (டிரான்சிட்) சலுகை உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். ஐரோப்பிய நகரங்கள் வழியாக மலிவான சீட்டு கிடைத்தால், அந்நாட்டின் இடைமாற்ற விசா விதியையும் விமான நிறுவனத்தின் நிலைப்பாட்டையும் கேட்டறிந்த பிறகே பணம் கட்டுங்கள். சென்னையில் செக்-இன் செய்பவருக்கு இந்தத் தாள் பழக்கமில்லாததாக இருக்கலாம் என்பதால் மூன்று மணி நேரத்துக்கு முன்பே நிலையத்தில் இருங்கள்.

படி 8: திரும்பி இறங்கும்போது

அட்வான்ஸ் பரோல் தாளின் மூலப் பிரதி, கடவுச்சீட்டு, ஐ-485 ரசீது, திருமணச் சான்றின் நகல் ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள். சரக்குப் பெட்டியில் போட வேண்டாம். குடியேற்றச் சாளரத்தில் இருக்கும் அதிகாரி உங்களைத் தனி அறைக்கு அனுப்பக்கூடும். அது தண்டனை அன்று, பரோலில் வருபவர்களுக்கு வழக்கமான சோதனைதான். ஆனால் சில மணி நேரம் ஆகலாம் என்பதால் இணைப்பு விமானத்துக்குப் போதிய இடைவெளி விடுங்கள். அனுமதிப்பது அதிகாரியின் விருப்புரிமைக்கு உட்பட்டது என்பதால், கேட்ட கேள்விக்கு மட்டும் சுருக்கமாகப் பதில் கூறுங்கள். அதன் பிறகு கடவுச்சீட்டில் பரோல் முத்திரை குத்தப்படும்.

வீட்டுக்கு வந்ததும் நாட்டுக்குள் நுழைந்ததைக் காட்டும் புதிய ஐ-94 பதிவை இணையத்தில் இறக்கி, பரோலில் வந்ததைக் குறிக்கும் டிஏ (DA) என்ற குறியீடு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, முத்திரைப் பக்கத்தின் நகலோடு கோப்பில் வையுங்கள். நேர்காணலில் கடைசியாக எப்போது, எந்த நிலையில் நாட்டுக்குள் வந்தீர்கள் என்று கேட்கும்போது காட்ட வேண்டியது இந்த இரண்டு தாள்களையும்தான்.