புல்லுருவி: வெட்டுவோரும் வளர்ப்போரும் செய்யும் தவறுகள்

மாமரத்தில் புல்லுருவி கண்ணில் பட்டால் தொரட்டியை மாட்டி இழுத்து ஒடித்துப் போடுகிறோம். எங்கள் வீட்டு மரத்தில் நானும் அதைத்தான் செய்தேன். அடுத்த மழைக்கே ஒடித்த இடத்தில் நாலைந்து தளிர் எட்டிப் பார்த்தது.

நம் மாமரங்களில் அதிகம் தொற்றுவது டென்ட்ரோஃப்தோ ஃபால்கேட்டா என்ற புல்லுருவி இனம். குருவிச்சை என்றும் சொல்வார்கள். அதன் உறிஞ்சுவேர் கிளையின் கட்டைக்குள்ளேயே இறங்கியிருக்கும். போதாதற்குப் பட்டையின் மேல் கயிறு போல வேர்கள் ஓடி, அங்கங்கே புதிதாகத் துளையிடும். அந்த வேர் தெரிகிற கடைசி இடத்தைத் தேடுங்கள். அங்கிருந்து அடிமரத்தின் பக்கம் ஓர் அடி தள்ளி, கிளையோடு அறுத்துவிடுங்கள். களைக்கொல்லி தெளிப்பது வேண்டாம், மரமும் சேர்ந்து கருகும்.

பழம் பழுத்தபின் வெட்டுவது காலம் கடந்த வேலை. விரல் நீளமே உள்ள பூக்கொத்திக் குருவி அதற்குள் பழத்தைத் தின்றிருக்கும். எச்சத்தோடு வரும் விதை பசையால் ஒட்டிக்கொள்வதால், குருவி பின்புறத்தைக் கிளையில் தேய்த்துத்தான் அதை விடுவிக்கும். விதைத்தாயிற்று!

அதற்காகக் கண்ட இடமெல்லாம் அழிக்க வேண்டாம். இலையில் பச்சையம் இருப்பதால் தன் உணவைத் தானே சமைக்கிற செடி இது; மரத்திடம் எடுப்பது பெரும்பாலும் நீரும் தாதுக்களும்தான். பின்சிறகின் அடியில் மஞ்சளும் ஓரத்தில் சிவப்புமாகப் பறக்கும் காமன் ஜெசபெல் வண்ணத்துப்பூச்சியின் புழுக்களுக்கு இதன் இலைதான் சாப்பாடு. காய்க்கிற மரத்தில் வெட்டுங்கள், காட்டு மரத்தில் விட்டுவிடுங்கள்.

என்னை உண்மையில் பயமுறுத்துவது மருந்துக்குப் பறிப்பவர்களின் தவறு. சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் இதற்கு இடமுண்டு. ஆனால் எந்த மரத்தில் வளர்ந்தது என்று கேட்காமல் வாங்கிக் கஷாயம் வைக்கிறார்கள். அரளியில் வளர்ந்த புல்லுருவியில் இதயத்தைத் தாக்கும் அரளி நஞ்சும், எட்டியில் வளர்ந்ததில் ஸ்டிரிக்னைன் என்ற கொடிய எட்டி நஞ்சும் இருந்தது ஆய்வில் தெரிந்திருக்கிறது. காய்ந்த இலையைப் பொட்டலமாகக் கையில் கொடுத்தால் மரம் எதுவென்று யாருக்குத் தெரியும்? மருத்துவர் சொல்லாமல் குடிக்காதீர்கள்.

வண்ணத்துப்பூச்சிக்காக வளர்க்க விரும்புவோர் விதையை மண்ணில் போட்டுக் காத்திருப்பார்கள். முளைத்தாலும் அங்கே பிழைக்காது. பழத்தைப் பிதுக்கி, பசையைக் கழுவாமல், தோட்டத்துக்கு வெளியே உள்ள வேம்பின் உயிருள்ள இளங்கிளையில் அன்றைக்கே ஒட்டுங்கள். சில நாளில் பச்சை முளை ஒன்று நீண்டு, வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி, பட்டையை நோக்கி வளையும்.