வாலில் இருந்து தொடங்குங்கள்: பழைய புஷ் பிளேன் பார்த்து வாங்குவது எப்படி

நல்லூர்த் தேர் முடிந்த அன்று பின்னேரம், எட்மன்டனில் இருந்து வந்திருந்த அக்காவின் மகன் உரும்பிராய் வீட்டு விறாந்தையில் வந்து இருந்து போனை நீட்டினான். "மாமா, இதை ஒருக்கால் பாருங்கோ." மஞ்சள் நிறத்தில் ஒரு கிட்ஃபொக்ஸ், மாடல் நான்கு: பெட்டியில் பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டுகிற சிறு விமானம். 80 குதிரைவலு ரொட்டாக்ஸ் 912 எஞ்சின், உருண்டு திரண்ட பெரிய ரயர்கள், வால்சில்லு. 1990களில் ஒருவர் தன் வீட்டுக் கராச்சில் கட்டியது, இப்போது மூன்றாவது கையில் இருக்கிறது. விலை அவனுடைய சேமிப்புக்குள் அடங்கியது. "வடிவா இருக்கெல்லே?"

வடிவாகத்தான் இருந்தது. நான் கனடாவில் இருபத்து மூன்று வருடம் விமானப் பராமரிப்பு வேலை செய்தவன். பெரும்பாலும் புஷ் பிளேன் என்கிற சிறிய விமானங்கள்தான்: ஓடுபாதை இல்லாமல் ஆற்று மணலிலும் ஏரியிலும் பனியிலும் இறங்குகிறவை. அன்று இரவு அவனுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். பறக்கப் பழகும் நம் பிள்ளைகள் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். பழைய கார் வாங்கப் போனால் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகிற வழக்கம் நம்மிடம் உண்டு. விமானம் வாங்கும்போது அந்த வழக்கத்தைக் கைவிட வேண்டாம்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் செய்த விமானம் என்றால், அதே மாதிரி இன்னும் ஆயிரம் ஓடுகின்றன. ஒன்றின் குறை மற்றதிலும் வரும், அது எழுதிவைக்கப்பட்டிருக்கும். வீட்டில் கட்டிய விமானம் அப்படி இல்லை. அமெரிக்காவில் இதை 'எக்ஸ்பெரிமென்டல்' என்ற வகைக்குள் வைத்திருக்கிறார்கள், கனடாவில் 'அமெச்சூர் பில்ட்' என்கிறார்கள். இரண்டு நாட்டிலும் அடிப்படை ஒன்றுதான்: வேலையின் பெரும்பகுதியைப் படிப்புக்காகவோ விருப்பத்துக்காகவோ தனியாட்கள் செய்திருக்க வேண்டும். பேச்சில் இதை 51 வீத விதி என்பார்கள். ஒரே பெட்டியில் வந்த ஒரே பாகங்களை இரண்டு பேர் பூட்டினால் இரண்டு வேறு விமானங்கள் வரும். அதனால் "கிட்ஃபொக்ஸ் நல்லதா?" என்று கேட்டு வருகிற பதில் உங்களுக்குப் பெரிதாக உதவாது. இதைக் கட்டியவரின் கை நல்ல கையா என்று பாருங்கள். மற்றச் சோதனை எல்லாம் அந்தக் கேள்விக்கு உட்பட்டவை.

அந்தக் கையைப் பார்க்க எஞ்சின் மூடியைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு வழி உண்டு. கட்டிய காலத்துப் படங்களைக் கேளுங்கள். அக்கறையோடு கட்டியவர் படம் எடுத்து வைத்திருப்பார்: துணி போர்த்துவதற்கு முந்திய எலும்புக்கூடு, வெல்டிங் ஒட்டுகள், கம்பி ஓடும் வழி. படங்கள் கைமாறி வந்திருந்தால் அது பெரிய சொத்து. பிறகு நட்டுகளைப் பாருங்கள். விமான போல்ட்டின் தலையில் அடையாளக் குறி இருக்கும். தலை மொட்டையாக இருக்கிற, ஹார்ட்வெயார் கடையில் வாங்கிய போல்ட் ஒன்றை ஸ்டியரிங் இணைப்பிலோ சில்லிலோ கண்டால், கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் அதே கை அதைத்தான் செய்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நட்டு கழலாமல் பூட்டுக்கம்பி முறுக்கிய விதம், கொற்றர் பின் வளைத்த விதம், வயர் உராயாமல் கவ்வி போட்டிருக்கிற விதம் எல்லாம் கையெழுத்து மாதிரி. பத்து நிமிடத்தில் ஆளைப் படித்துவிடலாம்.

அடுத்தது பத்திரங்கள். அமெரிக்காவில் விமானத்தைக் கட்டியவருக்கு அதைத் தானே பரிசோதித்துக் கையெழுத்திடும் சான்றிதழ் கிடைக்கும். அது அவரோடு நின்றுவிடும், வாங்குகிறவருக்கு மாறாது. நீங்கள் பராமரிப்பு வேலை செய்யலாம், ஆனால் வருடாந்தப் பரிசோதனைக்கு அதற்கான உரிமம் பெற்ற ஒருவரின் கையெழுத்து வேண்டும். கனடாவில் விதி இளக்கமானது, வீட்டில் கட்டிய விமானத்தின் பராமரிப்பில் உரிமையாளரே கையெழுத்திடலாம். அந்தச் சுதந்திரம் நல்லது. ஆனால் வாங்குகிறவர் இதையும் யோசிக்க வேண்டும்: பதிவேட்டில் இருபது வருடமாக ஒரே கையெழுத்துத்தான் இருந்தால், இருபது வருடமாக வேறு கண் எதுவும் அதைப் பார்க்கவில்லை. பதிவேட்டில் இடைவெளி இருக்கிறதா, வருடத்துக்கு எத்தனை மணி பறந்தது, திடீரென்று புரொப்பெல்லர் மாற்றப்பட்டதா என்று பாருங்கள். பதிவு எழுத்துகளை வைத்து கனடாவின் கடோர்ஸ் என்ற விமானச் சம்பவப் பதிவிலும் அமெரிக்காவில் விபத்துகளை விசாரிக்கும் என்ரிஎஸ்பியின் தளத்திலும் தேடினால், விற்பவர் சொல்ல மறந்த விபத்துகள் சில வெளியில் வரும்.

சரி, இனி விமானத்துக்கு வருவோம். எல்லாரும் மூக்கில் தொடங்குவார்கள். நீங்கள் வாலில் இருந்து தொடங்குங்கள்.

இந்த வகை விமானங்களில் பல, உருக்குக் குழாய்களை வெல்டிங் செய்து ஒட்டிய சட்டகத்தின் மேல் பொலியெஸ்டர் துணி போர்த்தியவை. வால்சில்லு விமானம் நிற்கும்போது வால் தாழ்ந்திருக்கும். உள்ளே வந்த மழைநீர், பனி உருகிய நீர், சில்லு அள்ளி எறிந்த சேறு எல்லாம் கீழ்ப்பக்க நெடுங்குழாய் வழியே வாலடிக்கு இறங்கி அங்கேயே தங்கும். துணி மூடியிருப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது, பெயின்ற் பளபளவென்றுதான் இருக்கும். குழாய் உள்ளிருந்தும் வெளியிருந்தும் துருப்பிடிக்கும்.

இதை நான் பாடமாகப் படித்தது ஒரு நண்பரின் காசில். பிரிட்டிஷ் கொலம்பியாவில் மழைநாள் ஒன்றில் அவருக்காக ஒரு விமானம் பார்க்கப் போனேன். எஞ்சினை இரண்டு மணிநேரம் சோதித்தேன், எல்லாம் திறம். பின்பக்கத்துப் பரிசோதனை மூடியைத் திறக்கவில்லை, நேரம் போய்விட்டது. அடுத்த வருடாந்தப் பரிசோதனையில் வாலடிக் குழாயில் குத்தூசியை வைத்து அழுத்தினேன், அது உள்ளே போய்விட்டது. துணியைக் கிழித்து, குழாயை வெட்டி, புதிது ஒட்டி, மறுபடி போர்த்தி முடிக்கும்போது விமானத்துக்குக் கொடுத்த விலையில் மூன்றில் ஒரு பங்கு மேலதிகமாகப் போயிருந்தது. அவர் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதனால்தான் அது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

எங்கள் அப்பா வீட்டுக்கு ஓடு மாற்றும்போது ஒவ்வொரு பனஞ்சிலாகையையும் தட்டிக்கொண்டே போவார். நல்ல வைரப் பனை கிண்ணென்று கேட்கும், உள்ளே உளுத்தது மந்தமாகக் கேட்கும். குழாயும் அப்படித்தான் பேசும். சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டு போங்கள். சத்தம் மாறுகிற இடத்தில் குத்தூசியால் அழுத்திப் பாருங்கள். விற்பவரிடம் முதலே அனுமதி கேளுங்கள். குத்தூசிக்கு மறுப்பவரின் விமானத்தை விட்டுவிடலாம். துணியின் அடியில் நீர் வடிகிற சிறு துளைகள் இருக்க வேண்டும். அவை பெயின்ற் பூசி அடைபட்டிருந்தால் சந்தேகத்தை இரட்டிப்பாக்குங்கள்.

சிறகைத் தாங்கும் சாய்தண்டுகளுக்கும் இதே நோய். தொழிற்சாலையில் செய்த பைப்பர் விமானங்களின் தாங்குதண்டு உள்ளே துருப்பிடித்து உடைந்ததால், அதைத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் கட்டாய உத்தரவே இருக்கிறது. வீட்டில் கட்டிய விமானத்தை அந்த உத்தரவு அப்படியே கட்டுப்படுத்தாமல் இருக்கலாம். ஆனால் பழைய பைப்பர் தண்டுகளை வாங்கிப் பூட்டிக் கட்டியவர்கள் பலர், இரும்புக்கு விதி தெரியாது. தண்டின் கீழ்முனையைக் கவனமாகப் பாருங்கள்.

துணிக்கு ஒரு எளிய சோதனை. ஒருவரை உள்ளே ரோர்ச் பிடிக்கச் சொல்லி, இருட்டில் வெளியே நின்று பாருங்கள். பெயின்றுக்குக் கீழே பூசும் வெள்ளிப் பூச்சுத்தான் சூரியக் கதிரைத் தடுக்கிறது. வெளிச்சம் தாராளமாக ஊடுருவினால் அந்தப் பூச்சு போதாது. வெளியில் நின்ற விமானம் என்றால் துணியின் ஆயுள் அந்த அளவுக்குக் குறைந்திருக்கும். உலோகத் தகட்டால் செய்தது என்றால் வேறு கணக்கு: தறையாணிகளின் ஓரத்தில் கறுப்புப் புகை மாதிரி கோடு ஓடியிருந்தால் அந்த ஆணி தளர்ந்து அசைகிறது. மிதவை பூட்டிக் கடலில் இறங்கிய விமானம் என்றால் கூடுதல் கவனம். காங்கேசன்துறையில் கடற்கரையோடு இருப்பவருக்கு உப்புக்காற்று தகரத்தை என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இறங்குசில்லுகளில் அதிர்ச்சியைத் தாங்க இறப்பர் நாண் சுற்றியிருந்தால் அதன் வயதைக் கேளுங்கள், ஐந்து வருடத்துக்கு மேல் என்றால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். விளம்பரத்தில் பெரிய ரயரைக் காட்டி "ஆற்றுமணலில் இறங்கும்" என்று எழுதியிருந்தால், கரடுமுரடில் இறக்கியிருக்கிறார்கள் என்றும் அதை வாசியுங்கள். சில்லுக்கால் உடலோடு சேரும் ஒட்டுகளில் மயிர்க்கோடு வெடிப்பு, வால்சில்லின் வில்தகடு, பிரேக் எல்லாவற்றையும் பாருங்கள்.

இப்போது எஞ்சின். என் காது பழகியது யாழ்ப்பாணத்தில். பெற்றோல் தடைப்பட்டிருந்த 90களில் இங்கே கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின, எஞ்சின் தொடங்க மட்டும் சின்னப் போத்தலில் இருந்து ஒரு சொட்டுப் பெற்றோல். ஸ்ரான்லி வீதியில் ஒரு கராச்சில் நான் வேலை பழகிய காலம் அது. எந்த எஞ்சின் திணறுகிறது, எது பழக்கத்தில் அப்படி ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லப் பழகினோம். அந்தக் காதோடு சொல்கிறேன்: குறைந்த மணி ஓடிய எஞ்சின் என்பதை மட்டும் வைத்து மகிழாதீர்கள். முப்பது வருடத்தில் 300 மணி ஓடியது என்றால் அது பெரும்பாலும் சும்மா நின்றிருக்கிறது. லைகோமிங் என்ற விமான எஞ்சினில், வால்வுகளைத் திறக்கிற கேம் தண்டு மேலே இருக்கிறது, நின்றால் எண்ணெய் வடிந்து காய்ந்து துருப்பிடிக்கும். எண்ணெய் வடிகட்டியை வெட்டி உள்ளே உலோகத் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். அமுக்கச் சோதனையில் 80 பிஎஸ்ஐ காற்றுக் கொடுத்து, சிலிண்டர் தாங்குவது 60க்குக் கீழே போனால் ஏன் என்று காரணம் தேடுங்கள், சிலிண்டருக்குள் சிறு கமரா விட்டு வால்வைப் பாருங்கள்.

ரொட்டாக்ஸ் 912 என்றால் முதல் கேள்வி: இறப்பர் பாகங்கள் கடைசியாக எப்போது மாற்றப்பட்டன? எரிபொருள் குழாய், குளிர்நீர்க் குழாய், கார்புரேற்றரைத் தாங்கும் இறப்பர் எல்லாம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது தயாரிப்பாளர் விதி. எண்ணெய் மட்டம் பார்க்கப் புரொப்பெல்லரை ஓடும் திசையில் கையால் சுற்றி, தாங்கியில் கொப்பளிக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் குச்சியை எடுக்க வேண்டும். விற்பவர் அப்படிச் செய்கிறாரா என்று பேசாமல் நின்று பாருங்கள், எஞ்சினை அவருக்கு எவ்வளவு தெரியும் என்று விளங்கும். எண்ணெயில் வரும் உலோகத் துகளைப் பிடிக்கிற காந்தச் செருகியைக் கழற்றச் சொல்லுங்கள். மெல்லிய பசை மாதிரி இருந்தால் பயமில்லை, துண்டுகள் இருந்தால் நிறுத்துங்கள். புரொப்பெல்லர் ஒருமுறை நிலத்தில் அடித்ததா என்பதை நேரே கேளுங்கள். அடித்திருந்தால் எஞ்சினும் கியர்ப்பெட்டியும் திறந்து பார்க்கப்பட்டதற்கு எழுத்து வேண்டும்.

எரிபொருள் தாங்கி பழைய கண்ணாடியிழை என்றால் எதனோல் கலந்த பெற்றோல் அதைக் கரைத்திருக்கலாம், வடிகட்டியில் பிசின் மாதிரி ஏதும் இருக்கிறதா பாருங்கள். ரேடியோ, திரை, இருக்கை, பெயின்ற் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. காசு இருந்தால் மாற்றலாம்.

எடை பற்றி ஆறுதலாகப் பேச வேண்டும், ஏனென்றால் இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். தாளில் இருக்கிற எடை கட்டி முடித்த நாளின் எடை. பெரிய ரயர், கனத்த வால்சில்லு, கூடுதல் பெற்றரி, இரண்டாவது பெயின்ற் என்று வருடக்கணக்கில் ஏறியிருக்கும். மருமகனுக்கு அன்று ஒரு கொப்பியில் எழுதிக் காட்டினேன். அந்த விமானம் தூக்கக்கூடிய மொத்தம் 1,200 இறாத்தல். வெறும் விமானம் 760 என்று வைத்தால் மிச்சம் 440. அவனும் உடுப்போடு 190, கூட வருகிறவர் 170. மிஞ்சியது 80 இறாத்தல், ஏறக்குறைய 50 லீற்றர் பெற்றோல். மணிக்கு 15, 16 லீற்றர் குடிக்கிற எஞ்சினுக்கு அது மூன்று மணிநேரம், அதில் அரை மணி கையிருப்புக்கு. கூடாரத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு இறாத்தலும் இல்லை. தாளில் இருப்பதை விட உண்மை எடை 60 இறாத்தல் கூட என்றால் இரண்டு பேர் போகிற விமானம் ஒருவருக்கான விமானமாகிவிடும். அதனால் வாங்குமுன் தராசில் ஏற்றுங்கள். மூன்று சில்லுக்கும் மூன்று தராசு.

கடைசியில்தான் பறப்பு. அந்த வகையை நன்றாகத் தெரிந்த ஒருவர் ஓட்ட, நீங்கள் பக்கத்தில் இருங்கள். நேரே பறக்கும்போது கையை எடுத்தால் ஒரு பக்கம் சாய்கிறதா, மேலே ஏறும்போது எண்ணெய்ச் சூடு எங்கே நிற்கிறது, வேகம் குறைந்து விழும்போது ஒரு சிறகு முந்துகிறதா என்று பாருங்கள். கார்பன் மொனொக்சைட் என்ற நச்சுவாயுவைக் காட்டும் கருவி ஒன்றைச் சட்டையில் கொழுவிக்கொண்டு போங்கள், வெடித்த புகைக்குழாய் அதைக் கபினுக்குள் வாசனை இல்லாமலே ஊதும். வாங்கிய பிறகும் அந்த வகையில் பயிற்சி எடுக்காமல் தனியே ஏற வேண்டாம்.

மருமகன் திரும்பிப் போய் இரண்டு கிழமையில் அந்த மஞ்சள் விமானத்தைப் பார்க்கப் போனான். கூட ஒரு மெக்கானிக். எனக்கு இங்கே நடுச்சாமம், வீடியோவில் காட்டினான். எஞ்சின் நல்லது. இறப்பர் பாகங்கள் பதினொரு வருடம் பழசு, அது விலையில் பேசலாம். வாலடி மூடியைத் திறந்து கமராவைக் கிட்டக் கொண்டுபோனான். குழாயின் அடியில் பெயின்ற் கொப்புளித்திருந்தது. மெக்கானிக் குத்தூசியை வைத்தார். நான் இரண்டு பேரின் முகத்தையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விற்பவர் நேர்மையான மனிதர், தனக்கே தெரியாது என்றார், நான் அதை நம்புகிறேன். கையைக் குலுக்கிவிட்டு வந்துவிட்டார்கள்.

வருகிற சனிக்கிழமை சஸ்கச்சுவானில் இன்னொன்று பார்க்கப் போகிறான். கட்டியவரே விற்கிறார், படங்கள் நான்கு அல்பம் இருக்கிறதாம். தராசுகளை வாடகைக்கு எடுத்துவிட்டான்.