உறுமி ஓசை பின்தங்கியபோது

பினாங்கில் தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குச் செல்லும் வழியில் என் தம்பி கைப்பேசியில் தொடர்ந்து 40 நிமிடம் பதிவு செய்த காவடிக் காட்சிகளைத் தொகுக்க அமர்ந்தபோது, தொடக்கத்தில் சரியாக இருந்த ஒலி போகப்போகப் படத்தைவிட்டு விலகியது. இறுதிப் பகுதியில், உறுமியின் தோலைக் குச்சி உரசி முடித்த பிறகே உறுமல் கேட்டது.

ஒலித்தடத்தை வெட்டி வெட்டி முன்னால் நகர்த்தியே இரண்டு இரவுகள் கழிந்தன. ஓரிடத்தில் பொருந்தினால் அடுத்த இடத்தில் பிசகியது. மென்பொருளின் புதிய பதிப்புதான் காரணம் என்றெண்ணிப் பழையதை நிறுவியும் பயனில்லை.

பிறகு மீடியாஇன்ஃபோ என்னும் இலவசச் செயலியில் கோப்பைத் திறந்தேன். பிரேம் வேகம், அதாவது ஒரு நொடியில் பதிவாகும் படங்களின் எண்ணிக்கை, 'மாறுவது' என்று அதில் இருந்தது. கைப்பேசிகள் பல, வெளிச்சம் போன்ற சூழலுக்கேற்ப நொடிக்கு எடுக்கும் பிரேம்களைச் சற்றே கூட்டியும் குறைத்தும் பதிவு செய்கின்றன. தொகுப்பு மென்பொருளில் காட்சிகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனோ ஒரே சீரான எண்ணிக்கையில் இயங்குவது. ஆகவே ஒலி தன் போக்கில் ஓட, படம் தடுமாறுகிறது. தொடக்கநிலைப் பாடங்களில் இதை முதலிலேயே சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வீடியோ கோப்புகளை மாற்றித்தரும் ஹேண்ட்பிரேக் செயலியின் வீடியோ பகுதியில் பிரேம் வேகத்தை 30 எனவும் நிலையானது எனவும் தேர்ந்து, தரத்தைக் குறிக்கும் ஆர்.எஃப். எண்ணை 18-க்கு இறக்கி (எண் குறைந்தால் தரம் கூடும்), புதிய கோப்பாக மாற்றினேன். அதை டைம்லைனில் வைத்துக் கடைசி நிமிடத்தை ஓட்டிப் பார்த்தபோது, குச்சி பட்ட கணத்திலேயே உறுமி முழங்கியது.