வைரத் தோடு வாங்கப் போகிறீர்களா? பேரத்தை எஸ்டிமேட் சீட்டில் தொடங்குங்கள்

முதன்முதலில் வைரத் தோடு வாங்கப் போனபோது எனக்குத் தெரிந்த பேரம் ஒன்றே ஒன்றுதான்: "மொத்தத்துல பார்த்துக் கொறைச்சுக் குடுங்கண்ணா." கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டினார், மாடிக்குப் போன் போட்டார், பெருமூச்சு விட்டார், 2,000 ரூபாய் குறைத்தார். ரோஸ் மில்க் வந்தது, ஒரு கைப்பையும் வந்தது. ஏதோ சாதித்த நினைப்பில் வீட்டுக்கு வந்து பில்லை விரித்துப் பார்த்தால், 18 கேரட் தங்கத்துக்கு 22 கேரட் ரேட் போட்டிருந்தார்கள். குறைத்த பணத்தைப்போல ஐந்து மடங்கு அந்த ஒரு வரியில் போய்விட்டது.

அதற்குப் பிறகு மொத்தத் தொகையில் நான் பேரம் பேசுவதே இல்லை. வரி வரியாகத்தான். முதல் தடவை வாங்கப் போகிறவர்களுக்காக அதைப் படிப்படியாக எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு நம் ஊர் ஏழு கல் தோட்டையே வைத்துக்கொள்வோம்.

படி 1: கல்லைப் பற்றிக் கொஞ்சம்

வைரத்தில் 1 கேரட் என்றால் எடை, 200 மில்லிகிராம். அதில் நூறில் ஒரு பங்கு 1 சென்ட். தங்கத்தில் சொல்லும் 22 கேரட், 18 கேரட் என்பது சுத்தம். பெயர் ஒன்று, பொருள் வேறு. புதிதாக வாங்குபவர் முதலில் குழம்புவது இங்கேதான்.

நிறத்துக்கு 'டி' முதல் 'இசட்' வரை எழுத்துகள். 'டி' என்றால் நிறமே இல்லாதது; போகப் போக மஞ்சள் கூடும். கடையில் 'ஈ.எஃப்', 'ஜி.ஹெச்' என்று இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொல்வார்கள். உள்ளே குறை எவ்வளவு என்பதற்கு 'வி.வி.எஸ்', 'வி.எஸ்', 'எஸ்.ஐ' என்று இறங்கும். இதெல்லாம் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். காகபாதம், களங்கம், விந்து, ரேகை என்று வைரத்தின் குற்றங்களுக்கு நம்மிடம் பழங்காலத்திலேயே பெயர் வைத்திருந்தார்கள்.

ஏழு கல் தோட்டில் ஒரு கல் ஏறக்குறைய 5 சென்ட்தான் இருக்கும். அந்த அளவில் வி.வி.எஸ்ஸுக்கும் வி.எஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசம் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். கல்யாணப் பந்தியில் யாரும் லூப் வைத்து உங்கள் காதைப் பார்க்கப் போவதில்லை. ஒரு படி இறங்கினால் எந்தப் பேரமும் இல்லாமலே விலை இறங்கும். ஆனால் கட்டிங்கில் மட்டும் இறங்காதீர்கள். பட்டை சரியில்லாத கல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தூங்கி வழியும்.

ஒற்றைக்கல் மோதிரமோ மூக்குத்தியோ வாங்கினால் இன்னொரு விஷயம். 30 சென்ட், 50 சென்ட், 1 கேரட் போன்ற எண்களைத் தொடும்போது கேரட் விலையே ஒரு படி தாவும். 50 சென்ட் கேட்காமல் 47, 48 சென்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். போட்டால் இரண்டுக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

படி 2: நல்ல நாள் பார்க்காதீர்கள்

அட்சய திருதியை அன்று பேரம் பேசப் போவது, பொங்கலுக்கு முதல் நாள் கோயம்பேட்டில் கரும்பு விலை குறைக்கச் சொல்வதுபோல. உங்களிடம் பேசக்கூட ஆளுக்கு நேரம் இருக்காது. கல்யாணம் இல்லாத ஆடியும் மார்கழியும் பேரத்துக்கு உகந்த மாதங்கள். வார நாளில், கடை திறந்து கொஞ்ச நேரத்துக்குள் போய்விடுங்கள். பெரிய கூட்டமாகப் போகாதீர்கள். முக்கியமாக, நகையைப் பார்த்ததும் "ஐயோ, என்ன அழகு!" என்று சொல்லிவிடும் சித்தியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

படி 3: எஸ்டிமேட் சீட்டு வாங்குங்கள்

நகை பிடித்துவிட்டது. விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்காமல், "ஒரு எஸ்டிமேட் போட்டுக் குடுங்க" என்று கேளுங்கள். மொத்த எடை, கல் எடை, நிகரத் தங்க எடை, தங்கத்தின் ரேட், சேதாரம், வைரம் எத்தனை கேரட், கேரட் என்ன விலை, ஜி.எஸ்.டி என்று எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். "எங்க கடையில அப்படிப் பிரிக்க மாட்டோம், பீஸ் ரேட்தான்" என்று சொன்னால், எழுந்து அடுத்த கடைக்குப் போவது நல்லது. பிரிக்காத விலையில் எங்கே குறைத்தார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எங்கே ஏற்றினார்கள் என்றும் தெரியாது.

ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். எண்கள் புரிவதற்காக நானே வைத்துக்கொண்டவை. நீங்கள் போகிற அன்றைய ரேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு ஜோடித் தோட்டில் 14 கல், கல்லுக்கு 5 சென்ட், ஆக 70 சென்ட். மொத்த எடை 6.140 கிராம். 70 சென்ட் வைரம் 0.140 கிராம். அதைக் கழித்தால் தங்கம் 6 கிராம். 22 கேரட் ரேட் கிராமுக்கு 9,900 ரூபாய் என்றால், 22ஆல் வகுத்து 18ஆல் பெருக்கினால் 18 கேரட் ரேட் 8,100 ரூபாய். தங்கத்தின் விலை 48,600. சேதாரம் 18 சதவீதம் என்றால் 8,748. வைரம் கேரட் 90,000 வீதம் 63,000. கூட்டினால் 1,20,348. அதன்மேல் 3 சதவீதம் ஜி.எஸ்.டி 3,610. மொத்தம் 1,23,958 ரூபாய்.

இந்தச் சீட்டை வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

படி 4: முதலில் தப்பைத் திருத்துங்கள், பிறகு பேரம்

இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, தங்கத்தின் ரேட். வைர நகை பெரும்பாலும் 18 கேரட்டில்தான் செய்வார்கள், கல்லைப் பிடிக்கும் உறுதி அதில் கூடுதல். பல கடைகளில் 18 கேரட்டுக்குத் தனி ரேட் எழுதிப் போட்டிருப்பார்கள். நம் கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், அது பரவாயில்லை. ஆனால் 22 கேரட் ரேட்டையே போட்டிருந்தால், மேலே சொன்ன 6 கிராமில் மட்டும் 10,800 ரூபாய் கூடிவிடும். நான் ஏமாந்தது அங்கேதான்.

இரண்டு, கல் எடையைக் கழித்தார்களா என்பது. கழிக்காவிட்டால் வைரத்துக்கு வைர விலையும் கொடுத்து, அதே எடைக்குத் தங்க விலையும் கொடுக்கிறோம். சின்னத் தோட்டில் ஆயிரம் சொச்சம்தான். கெம்பு, பச்சை எல்லாம் வைத்த அட்டிகையில் இது பெரிய தொகை. பழைய பாணியில் அரக்கு வைத்துக் கட்டிய நகை என்றால் அரக்கின் எடையையும் கேளுங்கள்.

இவற்றைச் சத்தமில்லாமல் திருத்தச் சொல்லுங்கள். தப்பைத் திருத்தியதைத் தள்ளுபடியாகக் காட்ட ஒருபோதும் விடாதீர்கள்.

படி 5: எதில் குறையும், எதில் குறையாது

தங்கத்தின் ரேட்டில் பெரிதாக எதுவும் நடக்காது. ஜி.எஸ்.டி அரசாங்கத்தின் பணம். ஹால்மார்க் கட்டணம் சின்னத் தொகை, அதில் மல்லுக்கட்டாதீர்கள்.

நம் ஆட்கள் எல்லோரும் பாய்வது சேதாரத்தில்தான். அது பழக்கம்; அம்மா, பாட்டி காலத்திலிருந்து தங்கம் வாங்கி வாங்கி வந்தது. கடைக்காரருக்கும் அது தெரியும். அதனால்தான் "வைர நகைக்குச் செய்கூலி, சேதாரம் இல்லை" என்று பேனர் கட்டுகிறார்கள். மேலே பார்த்த தோட்டையே எடுங்கள். சேதாரம் பூஜ்யம் என்று சொல்லிவிட்டு வைரத்தைக் கேரட் 1,05,000 என்று போட்டால், வைரம் 73,500, தங்கம் 48,600, ஆக 1,22,100. சேதாரத்தோடு சொன்ன 1,20,348ஐவிட இது அதிகம்! அந்தப் பேனரைப் பார்த்தாலே எனக்கு இப்போது சிரிப்புதான் வருகிறது.

ஆகவே உங்கள் முழுக் கவனமும் இருக்க வேண்டியது ஒரே கேள்வியில்: "கேரட்டுக்கு என்ன ரேட் போட்டிருக்கீங்க?" தங்கத்துக்குப் போல வைரத்துக்குப் பலகை ரேட் கிடையாது. கடைக்குக் கடை மாறும், அதனால் அங்கேதான் இடமிருக்கிறது. சேதாரத்தை 18இலிருந்து 12க்கு இறக்கினால் 2,916 ரூபாய் மிச்சம். கேரட்டை 90,000இலிருந்து 80,000க்கு இறக்கினால் 7,000 ரூபாய். இரண்டும் நடந்தால் ஜி.எஸ்.டியும் சேர்ந்து இறங்கி, மொத்தத்தில் பத்தாயிரத்துக்கு மேல் நிற்கும்.

படி 6: பேசும் விதம்

குறைந்தது மூன்று கடை எஸ்டிமேட் கையில் இருக்கட்டும். ஒப்பிடும்போது நிறமும் சுத்தமும் ஒரே தரமாக இருக்க வேண்டும். ஈ.எஃப் வி.வி.எஸ்ஸையும் ஜி.ஹெச் எஸ்.ஐயையும் வைத்து "அங்கே கம்மி" என்று சொன்னால் அந்த இடத்திலேயே உங்களை எடைபோட்டுவிடுவார்கள்.

நான் பேசியது இப்படி:

"அண்ணா, தோடு பிடிச்சிருக்கு. இதே ஈ.எஃப் வி.வி.எஸ் இன்னொரு கடையில கேரட் 82க்கு எழுதிக் குடுத்திருக்காங்க. நீங்க 78 போட்டா இன்னைக்கே எடுத்துக்கறேன்."

"இல்லக்கா, எங்களுக்குக் கட்டாது. நம்ம கல்லு கட்டிங் வேற."

"சரிங்கண்ணா, மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்."

இதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் கஷ்டம். அந்த அமைதி தாங்காமல் நாமே "சரி, 85ஆவது போடுங்க" என்று சொல்லிவிடுவோம். சொல்லாதீர்கள். விற்பனைப் பையனுக்குக் குறைக்கும் அதிகாரம் கொஞ்சம்தான். மேனேஜர் கையில்தான் மீதி. அவரிடம் குரல் உயர்த்தத் தேவையில்லை. அவர் 80 என்று வந்தார், நான் சேதாரத்தை 12 ஆக்கச் சொல்லி முடித்தேன்.

"ஃபிக்ஸட் ரேட்" கடை என்றால் விலையை விட்டுவிட்டு, வைரத்தின் தரத்துக்கு ஆய்வகம் தரும் சர்டிஃபிகேட்டின் கட்டணத்தைத் தள்ளச் சொல்லலாம். ஆயுளுக்கும் பாலிஷ், திருகு மாற்றுவது, கல் ஆட்டம் கண்டால் இலவசமாக இறுக்கித் தருவது என்று கேளுங்கள். கைப்பை வேண்டாம்.

பழைய நகையை மாற்றப் போகிறீர்கள் என்றால் புது நகையின் விலை முடியும் வரை அதைப் பையை விட்டு எடுக்கவே கூடாது. முதலிலேயே காட்டினால் இந்தப் பக்கம் குறைத்ததை அந்தப் பக்கம் எடுத்துவிடுவார்கள்.

படி 7: ப்ளூ ஜாகர் என்ற மந்திரம்

"இது ப்ளூ ஜாகர்க்கா, நீலம் ஓடுது பாருங்க" என்று சொல்லி விலை ஏற்றுவது நம் ஊர்ப் பழக்கம். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபொன்டெய்ன் சுரங்கத்தில் கிடைத்த நீலம் கலந்த வெள்ளைக் கற்களிலிருந்து வந்த பெயர் அது. பாட்டிமார்களுக்கு அந்த நீலத்தின்மேல் உயிர். ஆனால் அந்த நீலம் பெரும்பாலும் புற ஊதா ஒளியில் கல் ஒளிர்வதால் வருவது. சர்டிஃபிகேட்டில் 'ஃப்ளோரசன்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். உலகச் சந்தையில் நல்ல நிறமுள்ள கல்லில் அது பலமாக இருந்தால் விலையைக் குறைப்பார்கள்! பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள், ஆனால் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

மூடின கட்டு நகையில் கல்லின் பின்பக்கம் தெரியாது. மஞ்சளோ விரிசலோ இருந்தாலும் மறைந்துவிடும். மூடின கட்டுதான் வேண்டும் என்றால் கல்லைத் தனியாகப் பார்த்து, வெள்ளைத்தாளில் கவிழ்த்து வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் நிறம் பார்த்து எடுத்து, பிறகு கட்டக் கொடுங்கள். கடை விளக்கில் கண்ணாடிகூட மின்னும்.

படி 8: லேப் வைரமா என்று கேளுங்கள்

கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி. ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் வைரம்தான். கண்ணுக்கும், கடையில் தொட்டுப் பார்க்கும் டெஸ்டர் பேனாவுக்கும் வித்தியாசம் தெரியாது. விலை மட்டும் இயற்கை வைரத்தைவிடப் பல மடங்கு குறைவு. லேப் வைரம் வாங்குவதில் தப்பில்லை, இயற்கை வைரத்தின் விலையில் வாங்கினால்தான் தப்பு. ஜி.ஐ.ஏ, ஐ.ஜி.ஐ போன்ற வெளி ஆய்வகத்தின் சர்டிஃபிகேட்டைக் கேட்டு, அதன் எண்ணை அவர்களுடைய இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். கடையே அச்சடித்த அட்டை சர்டிஃபிகேட் ஆகாது.

படி 9: பில்

"பில் வேண்டாம்னா ஜி.எஸ்.டி மிச்சம்" என்பார்கள். 3 சதவீதத்துக்காக நாளைக்கு மாற்றும் உரிமை மொத்தத்தையும் விட்டுக்கொடுக்கிறோம். ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கடைக்குச் சட்டப்படி அனுமதி கிடையாது. 2 லட்சத்தைத் தாண்டினால் பான் எண்ணும் கேட்பார்கள்.

நகையில் பி.ஐ.எஸ் முத்திரை, 18 கேரட்டுக்கு 750 என்ற எண், எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடத்தில் வரும் ஹெச்.யூ.ஐ.டி என்ற அடையாளக் குறியீடு மூன்றும் இருக்கும். அந்தக் குறியீட்டை 'பி.ஐ.எஸ் கேர்' செயலியில் போட்டுப் பாருங்கள். அது தங்கத்துக்கு மட்டும்தான் உத்தரவாதம்; வைரத்துக்கு இல்லை. ஆகவே வைரத்தின் எடை, நிறம், தரம், இயற்கையா லேப்பா என்பது பில்லிலும் எழுதியிருக்க வேண்டும். திருப்பிக் கொடுத்தால் வைரத்துக்கு எத்தனை சதவீதம், நகையாக மாற்றினால் எத்தனை, பணமாகக் கேட்டால் எத்தனை என்பதையும் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னவர் அடுத்த வருடம் வேறு கிளையில் இருப்பார்.

கடைசியாக ஒன்று. வைரம் எல்லோருக்கும் ராசியாகாது என்று வீட்டில் சில நாள் வைத்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் வாடிக்கையாளருக்கு இதைவிட நல்ல வழக்கத்தை எந்தக் கடையும் யோசித்திருக்காது. "மாமியார் ராசி பார்க்கணும்னு சொல்றாங்க, ஒத்துவரலைன்னா திருப்பி எடுத்துக்கணும்" என்று கேட்டேன். மேனேஜர் மறுபேச்சில்லாமல் பில்லின் பின்னால் ஐந்து நாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஐந்து நாளில் தோட்டை இரண்டு கடைகளில் காட்டித் தரம் கேட்டு வந்தேன். மாமியாருக்கு வைரமே பிடிக்காது. அவர் அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.