பொம்மை எங்கே? 8 முதல் 12 மாதக் குழந்தையோடு ஓர் ஒளிப்புச் சோதனை

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே தன் பிள்ளைகளோடு விளையாடிக் கண்டுபிடித்தது இது. ஒரே இடத்தில் ஒளித்த பொருளை இரண்டு மூன்று முறை எடுத்துவிட்ட குழந்தை, அடுத்த முறை கண்ணெதிரிலேயே வேறு இடத்தில் ஒளித்தாலும் பழைய இடத்தைத்தான் துழாவும். வீட்டிலேயே பத்து நிமிடத்தில் செய்து பார்க்கலாம். ஆனால் சின்னச் சின்ன விஷயங்கள் தவறினாலும் முடிவு மாறிவிடும்.

தேவையானவை: ஒரு தாம்பாளம், ஒரே மாதிரி இரண்டு ஆழமான பிளாஸ்டிக் கிண்ணங்கள், ஒரே நிறத்தில் இரண்டு கைக்குட்டைகள், வாய்க்குள் போகாத அளவில் ஒரு துணிப் பொம்மை. கிலுகிலுப்பை வேண்டாம், சத்தமே இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். எவர்சில்வர் கிண்ணமும் அப்படித்தான், பொம்மை விழும்போது 'டங்' என்று கேட்கும். துணிகள் வெவ்வேறு நிறத்தில் இருந்தால் குழந்தை நிறத்தைப் பிடித்துக்கொள்ளும், தவறு குறைந்துவிடும்.

1. முதலில் கைக்குட்டைகளைக் கொடுத்துவிடுங்கள். கசக்கட்டும், கடிக்கட்டும். இதை விட்டால் பிறகு பொம்மையை மறந்துவிட்டுத் துணியோடு விளையாட ஆரம்பித்துவிடும்.

2. அம்மா மடியில் குழந்தை. எதிரே நீங்கள். தாம்பாளத்தில் கிண்ணங்களை 25 செ.மீ. இடைவெளியில், குழந்தையின் கைக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். இடது கிண்ணத்தில் பொம்மையைப் போட்டு, இரண்டையும் ஒரே நேரத்தில் மூடித் தாம்பாளத்தை முன்னே நகர்த்துங்கள். துணியை விலக்கி எடுத்ததும் கொஞ்ச நேரம் பொம்மையோடு விளையாட விடுங்கள். மூன்று முறை சரியாக எடுக்கும்வரை இதையே செய்யுங்கள். துணியைத் தொடவே இல்லையென்றால் பொம்மையில் பாதி தெரியும்படி மூடிப் பாருங்கள். அதை எடுத்து, முழுதும் மூடியதை எடுக்காவிட்டால் ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம்.

3. இப்போது வலது கிண்ணம். குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொம்மையைப் போட்டு மூடுங்கள். மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு நகர்த்துங்கள். அந்த மூன்று விநாடியும் அம்மா குழந்தையின் கைகளை மெதுவாகப் பிடித்திருக்க வேண்டும். குழந்தையின் பார்வை உங்கள் முகத்துக்குத் திரும்ப வேண்டும். வலப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தால் கையும் அங்கேயே போய்விடும்.

கை இடப்பக்கம் போனால் உடனே முகத்தைக் கவனியுங்கள். கை காலிக் கிண்ணத்தில் இருக்க, கண் மட்டும் சரியான இடத்தைப் பார்ப்பது உண்டு. எனக்கு இந்தச் சோதனையில் மிக முக்கியமாகப் படுவது இந்த ஒரு கணம்தான். 'குழந்தைக்குத் தெரியவில்லை' என்று முடிவு கட்ட முடியாது. மூன்று முறை பழகிய கையை நிறுத்தும் வலு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். அந்த வலுவோடு மூளையின் முன்பகுதி வளர்ச்சிக்குத் தொடர்பு உண்டு என்று உளவியல் ஆய்வாளர் அடெல் டயமண்ட் காட்டினார். அவர் கணக்கில், ஒளித்த பிறகு குழந்தை தவறாமல் தாங்கும் காத்திருப்பு மாதத்துக்குச் சுமார் 2 விநாடி கூடுகிறது. 12 மாதத்தில் 10 விநாடியை எட்டுகிறது. அதனால் 11 மாதக் குழந்தை மூன்று விநாடியில் தவறே செய்யவில்லையா? எட்டு வரை எண்ணிப் பாருங்கள்.

4. இன்னொரு நாள், இடது மூன்று முறை முடிந்ததும் குழந்தையைத் தூக்கி மடியிலேயே நிற்கவைத்து, பிறகு வலதில் ஒளியுங்கள். உளவியலாளர்கள் லிண்டா ஸ்மித், எஸ்தர் தெலன் குழு 1999-ல் இப்படிச் செய்தபோது தவறு வெகுவாகக் குறைந்தது. உட்கார்ந்தபடி பழகிய கை அசைவு, நிற்கும் உடம்புக்குப் பொருந்துவதில்லை.

நீங்கள் பேசுவதும் கணக்கில் சேரும். கண்ணைப் பார்த்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒளித்தால் 10 மாதக் குழந்தைகள் அதிகம் தவறுகின்றன. சும்மா ஒளித்தால் குறைவு. ஹங்கேரி ஆய்வாளர் யோஜெஃப் டோபால் குழு 2009-ல் நாய்களிடமும் இதையே கண்டது. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களோ அப்படி ஏமாறவில்லை.

வீட்டு நாயோடு செய்வதானால் பொம்மைக்குப் பதில் பிஸ்கட், கிண்ணத்துக்குப் பதில் இரண்டு வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள். தொடங்கும் முன் இரண்டின் உட்புறத்திலும் பிஸ்கட்டைத் தேய்த்துவிட வேண்டும், இல்லையென்றால் மூக்கே வேலையை முடித்துவிடும்.