மன்னிப்புக் கேட்கப் போகுமுன்

புத்தர்களின் விளக்குத் திருவிழாவான தடின்ஜுட் நாட்களில் யாங்கூனில் இளையவர்கள் பெரியவர்களைக் கும்பிட்டு, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுக்கக் கேட்பதைப் பார்க்கிறோம். வருடக் கடைசி ஆராதனை முடிந்ததும் நாமும் "ஏதாவது தப்புப் பண்ணியிருந்தா மன்னிச்சிடுங்க" என்று கைகுலுக்குகிறோம். நல்ல வழக்கம்தான். ஆனால் ஒருவருக்குக் குறிப்பாக ஒரு தீங்கு செய்தவருக்கு அது போதாது. பொதுவாகச் சொல்லும்போது செய்த தீங்கு பேரில்லாமல் தப்பிவிடும்.

முதலில் தாளில் எழுதுங்கள்: நான் செய்தது என்ன, அதனால் அவருக்கு நேர்ந்தது என்ன. மூன்று வரி போதும். அதில் "ஆனா", "நீங்களுந்தான்", "மனசு கஷ்டப்பட்டிருந்தா" என்று வந்தால் அடித்துவிடுங்கள். "அண்ணே, சீட்டுப் பணம் வரலைன்னு நான் சொன்னது பொய். வாங்கிச் செலவழிச்சிட்டேன். அதனால மக கல்யாணத்துக்கு நீங்க கடன் வாங்க வேண்டியதாச்சு. என்னை மன்னிக்கணும்." இவ்வளவுதான். காரணத்தை அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

திருவிருந்து ஞாயிறு வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். மத்தேயு 5:24 காணிக்கையையே பலிபீடத்தின்முன் விட்டுவிட்டுப் போகச் சொல்கிறது. தனியாகப் போங்கள். போதகரை அழைத்துப் போனால், அவர் முகத்துக்காக எதிரில் இருப்பவர் தலையாட்டிவிடுவார், மனம் ஆறாது.

பணம் எடுத்திருந்தால் பணமும் போகவேண்டும். எண்ணாகமம் 5:7 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டச் சொல்கிறது: 5 லட்சம் கியாட் என்றால் 6 லட்சம். லூக்கா 19-ல் வரும் வரிவசூல்காரன் சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகவே தருவதாகச் சொன்னான். கையில் இல்லையென்றால் எந்த மாதம் எவ்வளவு என்று சொல்லி, அதன்படி கொடுங்கள். பதிலை அப்போதே எதிர்பார்க்காதீர்கள். அவருக்கு நாள் வேண்டியிருக்கும்.

மன்னிக்க வேண்டியவரிடம் "சின்ன விஷயம், விட்டுடுங்க" என்று சபையார் சொல்வது பெரிய தவறு. மத்தேயு 18 உவமையில் ராஜா ஒரு வேலைக்காரனின் பெருங்கடனை மன்னித்துவிடுகிறார், அவனோ தனக்குக் கடன்பட்ட உடன் வேலைக்காரனை மன்னிக்கவில்லை. அந்த உடன் வேலைக்காரன் பட்ட கடன் 100 வெள்ளிப்பணம். ஒரு கூலியாளின் ஏறக்குறைய நூறு நாள் உழைப்பு. இயேசு அதைச் சிறிதாக்கவில்லை. ராஜா மன்னித்துவிட்ட 10,000 தாலந்தை அதன் பக்கத்தில் வைத்தார். ஒரு தாலந்தே சுமார் 6,000 வெள்ளிப்பணம். ஆகவே பட்ட நஷ்டத்தை முழுதாக, பேர் சொல்லி, கர்த்தரிடம் கொட்டுங்கள். அதன்பின் பழிவாங்குவதில்லை, ஊரில் சொல்லித் திரிவதில்லை என்று தீர்மானியுங்கள். கோபம் மறுபடி வரும். வந்தால் நீங்கள் மன்னிக்கவே இல்லை என்று அர்த்தமல்ல, அன்றைக்கும் மன்னியுங்கள்.

அடிக்கிற கணவனை மன்னித்தவள் அந்த வீட்டுக்குத் திரும்பியாக வேண்டும் என்று வேதம் எங்கும் கட்டளையிடவில்லை. அவளும் பிள்ளைகளும் பத்திரமான இடத்தில் இருப்பதே முதல் காரியம். லூக்கா 17:3 கடிந்துகொள்வதையும் மனஸ்தாபப்படுவதையும் சேர்த்தே பேசுகிறது. மனம் திரும்பியது நடத்தையில் தெரிய மாதங்கள் ஆகலாம்.

ஏமாற்றப்பட்டவர் இறந்துபோயிருந்தால் பணத்தை அவர் வாரிசுகளிடம் கொடுங்கள். வாரிசும் இல்லையென்றால் எண்ணாகமம் 5:8 சொல்கிறபடி அது கர்த்தருக்குரியது. சபையின் ஏழைகளுக்கான பெட்டியில் பேர் போடாமல் சேர்த்துவிடலாம்.