பி2பி-யில் யுஎஸ்டிடி விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடி, சத்துவாச்சாரிப் பக்கம் புதிதாக பி2பி-யில், அதாவது யுஎஸ்டிடி என்ற டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ காயினை ஆப் வழியாக ஆளுக்கு ஆள் நேரடியாக விற்பதில், இறங்கும் பையன்கள் முதலில் கேட்பது, "எந்த ஆப்பில் ரேட் அதிகம்?" என்பதைத்தான். ஓடிபி-யை யாருக்கும் சொல்லக்கூடாது என்பது அவர்களுக்கே தெரியும். பணம் பறிபோவது வேறு வழியில்.

வேறு பெயரில் வரும் பணம்

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப இதில்தான் மாட்டுகிறார்கள். 40,000 ரூபாய்க்கு ஆர்டர். ஆப்பில் வாங்குபவர் பெயர் ஒன்று, பணம் வந்த பெயர் இன்னொன்று. கேட்டால், "அண்ணன் அக்கவுண்ட் சார், என் லிமிட் முடிஞ்சிடுச்சு" என்று பதில் வரும். பணம்தான் வந்துவிட்டதே என்று, காயினை வாங்குபவருக்கு விடுவிக்கும் ரிலீஸ் பட்டனை அழுத்திவிடுகிறார்கள்.

அனுப்பியவர் பெரும்பாலும் அண்ணன் அல்ல. பகுதிநேர வேலை, பங்கு முதலீடு என்று எங்கோ ஓர் ஊரில் ஏமாற்றப்பட்டவர். மோசடிக்காரர் உங்கள் யுபிஐ ஐடியைத்தான் அவரிடம் கொடுத்திருக்கிறார். ஏமாந்தவர் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்ததும், பணம் போன தடம் உங்கள் கணக்கில் வந்து நிற்கும். வங்கி அந்தத் தொகைக்கு லியன் போடும் (அதை மட்டும் எடுக்க முடியாமல் நிறுத்தி வைக்கும்), அல்லது கணக்கையே முடக்கும். ரிலீஸ் செய்த காயினோ திரும்பி வராது. அந்தப் பணத்தை அதற்குள் நண்பருக்கு அனுப்பியிருந்தால் அவர் கணக்கும் சிக்கும்.

ஆகவே ரிலீஸுக்கு முன் வங்கி ஸ்டேட்மென்ட்டையோ யுபிஐ ஆப்பையோ திறந்து, அனுப்பியவரின் வங்கிப் பெயரைப் பாருங்கள். எஸ்எம்எஸ்ஸில் பல நேரம் யுபிஐ ஐடி மட்டும்தான் இருக்கும், அது போதாது. ஆப்பில் கேஒய்சி ஆன பெயரோடு ஒத்துப்போகவில்லை என்றால் ரிலீஸ் வேண்டாம். ஆப்பிலேயே அப்பீல் (புகார்) போட்டு ஸ்டேட்மென்ட்டை இணையுங்கள். முடிவு வரும்வரை காயின் எஸ்க்ரோவில், அதாவது ஆப்பின் பிடியில், பத்திரமாக இருக்கும். பணத்தைத் திருப்ப வேண்டி வந்தால், வந்த அதே கணக்குக்கு மட்டும். "வேறு நம்பருக்குப் போடுங்க" என்றால் அதுவே அடுத்த மோசடி.

சம்பளக் கணக்கு, கடைக் கணக்கு

இரண்டையும் பி2பி-க்குக் கொடுக்காதீர்கள். தனிக் கணக்கு வையுங்கள். முடங்கினாலும் வீட்டு வாடகையும் பிள்ளைகள் ஃபீஸும் நிற்காது.

ஸ்கிரீன்ஷாட்

பணம் போட்டாச்சு என்று வாங்குபவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் ஆதாரமே அல்ல. கணக்கில் இருப்பு கூடியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

டெலிகிராம் டீல்

வேண்டாம். எஸ்க்ரோவும் இல்லை, அப்பீலும் இல்லை.

ஏற்கெனவே முடங்கிவிட்டதா?

கிளைக்குப் போய் மூன்று விவரம் கேளுங்கள்: புகாரின் ஒப்புகை எண், எந்த மாநிலத்தில் எந்தக் காவல் நிலையம், சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு. "கணக்கைத் திறந்து தர்றேன், ஃபீஸ் கட்டுங்க" என்று ஃபோனில் வரும் 'அதிகாரி'க்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். ஆர்டர் எண், சாட், ஸ்டேட்மென்ட், வாங்கியவர் விவரம் எல்லாவற்றையும் சேர்த்து விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள். நகலை வங்கிக்கும் கொடுங்கள். சாட் அழிந்துபோகலாம் என்பதால் ஒவ்வொரு ஆர்டர் முடிந்ததும் சேமித்துவிடுவது நல்லது. தொகை எவ்வளவு என்று குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்குவது சரியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் கூறியிருக்கிறது. சர்ச்சைத் தொகைக்கு மட்டும் லியன் வைத்து மீதியை விடுவிக்கும்படி விசாரணை அதிகாரிக்குக் கொடுக்கும் மனுவிலேயே கேளுங்கள்.